ஒரே மண்ணில் படுப்பவர்கள்

பூசை முடிந்தும் ஆண்கள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. போகமாட்டார்கள் என்பது காலையில் துக்கமணி கேட்டபோதே எஸ்தாக்கிக்குத் தெரியும். சாமியார் மட்டும் கடைசி ஆசீர்வாதம் கொடுத்த கையோடு அங்கியைக் கழற்றிப் பையில் திணித்துக்கொண்டு, "அடுத்த ஊர்ல பூசை இருக்கு, இது உங்க ஊர் விஷயம், நீங்களே பேசி நல்லபடியா முடிங்க, சாயங்காலம் அடக்கத்துக்கு வந்துடறேன்" என்று சொல்லி ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டார். கெட்டிக்கார மனுஷன், எந்த நேரத்தில் இல்லாமல் இருக்க வேண்டும் என்று நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார். மாதா சிலை நிற்கும் கெபி முன்னால் தகரப் பந்தலில் பாய் விரித்தாயிற்று. முன்வரிசையில் கீழமுனைத்துறையில் பிறந்தவர்கள், பின்வரிசையில் இங்கே பெண் எடுத்து இங்கேயே தங்கிவிட்ட மாப்பிள்ளைமார். எஸ்தாக்கி தலைமுடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து பின்வரிசையில் தூண் பக்கத்தில்தான் உட்கார்ந்து வருகிறார். தூண்கூட மூங்கிலாக இருந்து இரும்பாக மாறிவிட்டது, அவர் இடம் மாறவில்லை. பச்சைப்பிள்ளை முதல் பல் போன கிழவன் வரை அவரை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார்கள். டவுன் குருமடத்தில் சாமியாருக்குப் படிக்கிற பையன்களுக்கு லத்தீன் சொல்லிக்கொடுத்தவர் என்பதால் கொஞ்சம் மரியாதை கூட்டி லத்தீன் மாப்பிள்ளை. மாப்பிள்ளைக்கு மீன்குழம்பில் தலை உண்டு, கல்யாணப் பந்தியில் முதல் இலை உண்டு, ஊர்க்கூட்டத்தில் வாய் கிடையாது. கேட்டால் பதில் சொல்லலாம், ஆனால் இதுவரை யாரும் கேட்டதில்லை.

ஊர்த்தலைவர் சிலுவைமிக்கேல் எழுந்து நின்று மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். நல்ல மனுஷன்தான், குரல்தான் பெரிசு. "எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தான். ஐஸ் கம்பெனிக்குப் பின்னால இருக்கிற மேஸ்திரி யாகப்பனோட அம்மா மதலேனம்மா நேத்து போய்ட்டாங்க. நல்ல பொம்பள, நான் இல்லைன்னு சொல்லலை. கல்லறைத் தோட்டத்துக்குள்ள வைக்கணும்னு யாகப்பன் கேக்குதான். உள்ள நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கே எடம் பத்தாம கிடக்கு. வந்தவங்களுக்குச் சுவருக்கு வெளியிலதான்னு எங்க தாத்தா காலத்துலேருந்து வழக்கம். வெளியிலயும் மந்திரிச்ச மண்ணுதான். மாத்துக் கருத்து இருக்கிறவங்க சொல்லலாம்." இது முதல் கேள்வி. மூன்று முறை கேட்பது கீழமுனைத்துறை வழக்கம். கையைத் தூக்குவது, சீட்டுப் போடுவது எல்லாம் இங்கே கிடையாது. மூன்று முறையும் யாரும் பேசாவிட்டால் சம்மதம், பிறகு ஆண்டவரே இறங்கி வந்தாலும் மாற்ற முடியாது. யாகப்பன் கொடிமரத்தருகில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கூட்டத்துக்குள் உட்கார அவனுக்குப் பாய் இல்லை. இத்தனைக்கும் அந்தக் கொடிமரத்துக்கு மேடை கட்டியது அவன்தான்.

யாராவது பேசுவார்கள் என்று எஸ்தாக்கி முன்வரிசை முதுகுகளைப் பார்த்தார். வெள்ளைச் சட்டை முதுகுகள், ஒன்றும் அசையவில்லை. வந்தவங்க, வந்தவங்க. அந்த வார்த்தை அவர் தொண்டையில் மீன்முள்ளாகக் குத்திக்கொண்டது, உடனே அவர் புத்தி தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்யப் புறப்பட்டது. வார்த்தையைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டு, அது எங்கிருந்து வந்தது என்று பார்க்கும் வேலை. வந்தவனை ரோமாக்காரர்கள் பெரெக்ரீனுஸ் என்பார்கள், வயல்களைக் கடந்து வந்தவன், அந்நியன் என்று அர்த்தம். மதலேனம்மாள் வயல் கடந்துதான் வந்தாள், மழை பொய்த்த செவல்காட்டிலிருந்து, இடுப்பில் யாகப்பனையும் தலையில் ஒரு பானையையும் வைத்துக்கொண்டு. நானும் அப்படி வந்தவன்தானே, மலையடிவாரத்திலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு, பெட்டிக்குள் கழற்றி மடித்த குருமட அங்கியோடு. கட்டிக்கொண்ட பெலிசித்தா அந்த அங்கியை வெட்டித் தலையணை உறை தைத்துவிட்டாள். "இவ்வளவு நல்ல துணிய என்னத்துக்கு வீணாக்கணும்" என்றாள். சாமியாராகப் போகிறவன் என்று அம்மா கனவு கண்ட துணியில் இவர் ஆயுள் முழுக்கத் தலை வைத்துத் தூங்கினார், நிம்மதியாகத்தான் தூங்கினார். அட, எங்கே போகிறாய், பரோக்கியாவுக்கு வா. ஒரு கோயிலைச் சேர்ந்த ஊரைப் பங்கு, பங்குச்சாமி, பங்குப்பேரவை என்று வாய்க்கு வாய் சொல்கிறோமே, அதற்கு லத்தீனில் பரோக்கியா. அது கிரேக்கத்திலிருந்து வந்த சொல். அடுத்தவன் ஊரில், அவன் வீட்டோரம், உரிமை இல்லாமல் தங்கியிருப்பது என்று அர்த்தம். ஆதிக் கிறிஸ்தவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பேர் அது. இந்த உலகம் நம்ம ஊர் இல்லை, நாம் இங்கே ஒண்டியிருக்கிறவர்கள் என்று அவர்கள் நினைத்தார்கள். ஒண்டியிருந்தவர்கள் பேரை வைத்துக்கொண்டு கோயிலைக் கட்டி, கோயிலைச் சுற்றிச் சுவரைக் கட்டி, இப்போது ஒண்டவந்தவளுக்கு இடமில்லை என்கிறார்கள். இதை எழுந்து சொன்னால் என்ன? சொன்னால் சிரிப்பார்கள். சிலுவைமிக்கேல் சிரிக்கமாட்டார், "மாப்ளை படிச்சவங்க" என்று தலையை ஆட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். அது சிரிப்பைவிட மோசம்.

பந்தல் தகரம் சூடேறி டிக் டிக்கென்று சத்தம் போட்டது. கடல் பக்கத்திலிருந்து கருவாட்டு வாடை வந்தது. கல்யாணமான புதிதில் அந்த வாடைக்கு எஸ்தாக்கி மூக்கைப் பொத்துவார், பெலிசித்தா விழுந்து விழுந்து சிரிப்பாள். இப்போது டவுனுக்குப் போய் இரண்டு நாள் தங்கினால் அந்த வாடை இல்லாமல் தூக்கம் வருவதில்லை. இது போதாதா ஒருவன் ஊர்க்காரன் ஆவதற்கு? மூக்கைக் கேட்டு ஊர் முடிவு செய்வதில்லையே. முன்வரிசையில் மச்சான் கஸ்பார் திரும்பி இவரை ஒரு பார்வை பார்த்தான். பெலிசித்தாவின் தம்பி, பாசமுள்ளவன், முன்கோபி. 'அத்தான், சும்மா இருங்க' என்ற பார்வை அது. இவர் எழுந்திருக்கக்கூட இல்லை, அதற்குள் எப்படித் தெரிந்ததோ. பெலிசித்தா போனபோது கஸ்பார்தான் ஊர்க்கமிட்டியில் மன்றாடி, சுவருக்குள்ளேயே இருவருக்கும் சேர்த்து இடம் வாங்கினான். "அத்தான், ரெண்டு பேருக்கு எடம் விட்டுக் கட்டுங்க. அக்காவுக்குப் பக்கத்துல ஒங்களுக்கும் உண்டுன்னு கமிட்டி சொல்லிட்டுது, ஒங்க மேல உள்ள மதிப்புல." மதிப்பில். உரிமையில் அல்ல, மதிப்பில். மதிப்பு என்பது இன்றைக்குக் கூடும், நாளைக்குக் குறையும். எஸ்தாக்கி சம்பளத்தில் மிச்சம் பிடித்ததைப் போட்டு அந்தக் கல்லறையைக் கட்டினார். யாகப்பன்தான் பூசினான். இரண்டு அறை, நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். சாயங்காலம் சாயங்காலம் போய் வலதுபக்கத்து அறையின் மூடிக்கல்லில் உட்காருவார். செத்துப்போவதைப் பற்றி அவருக்குப் பயம் இருந்ததில்லை, விரித்து வைத்த படுக்கையைப் பார்ப்பதுபோல அந்த இடத்தைப் பார்ப்பார். பிள்ளைகுட்டி இல்லாத மனுஷனுக்கு உலகத்தில் சொந்தம் என்று மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

"ரெண்டாந் தடவை கேக்கேன்," என்றார் சிலுவைமிக்கேல். "யாருக்காவது மாத்துக் கருத்து உண்டா?"

எஸ்தாக்கிக்குப் பயம், வேறென்ன. இப்போது வாயைத் திறந்தால் என்ன நடக்கும்? யாரும் அடிக்கமாட்டார்கள். "வந்தவனுக்கு வந்தவன் துணை" என்று பின்னால் ஒருத்தன் முணுமுணுப்பான். கமிட்டியில் ஒருத்தன், பெலிசித்தா உயிரோடு இருந்தவரைக்கும் மாப்பிள்ளை, அவள் போனபிறகு இவர் யார் என்று கணக்குப் போடுவான். மதிப்பு இறங்கும். எனக்குக் காலம் வரும்போது, அன்றைக்கும் இந்தப் பாயில் உட்கார்ந்து மூன்று முறை கேட்பார்கள். ஓஸ்திஸ் என்ற சொல் அப்படித்தான் கெட்டுப்போயிற்று. பழைய லத்தீனில் அதற்கு வெளியூர்க்காரன் என்றுதான் அர்த்தம், விருந்தாளி என்ற சொல்லுக்கும் அதே வேர்தான். போகப் போக எதிரி என்று ஆகிவிட்டது. வாசலில் நின்றவன் ஒன்றும் செய்யவில்லை, சும்மா நின்றுகொண்டுதான் இருந்தான், உள்ளே இருந்தவன் பார்த்த பார்வையில் எதிரி ஆனான். யாகப்பன் அதோ சும்மாதான் நிற்கிறான். சட்டைக் கையில் சிமெண்ட் காய்ந்திருக்கிறது, அம்மா செத்துக் கிடக்கும்போதும் மாற்றச் சட்டை இல்லையா, இல்லை மாற்றத் தோன்றவில்லையா? அவனைப் பார்க்காதே, பார்த்தால் அவன் உன்னைப் பார்ப்பான். பார்த்துவிட்டான். எஸ்தாக்கி குனிந்து பாயில் ஒரு கோரையைப் பிய்த்தார்.

மதலேனம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் சாவு வீட்டு வேலை அத்தனையும் தெரியும். ஊரில் யார் வீட்டில் உயிர் போனாலும் சொந்தக்காரிகள் மாரில் அடித்துக்கொண்டு கிடக்கும்போது அந்தம்மாதான் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு வெந்நீர் போடுவாள். கண்ணை மூடுவாள், தாடையைக் கட்டுவாள், குளிப்பாட்டுவாள், செபமாலையை விரலில் சுற்றுவாள். விடியவிடியச் செபம் சொல்லித் தொண்டை கட்டிப்போய் காலையில் ஒரு டம்ளர் பாலில்லாத கட்டன்சாயா குடித்துவிட்டுப் போய்விடுவாள், பந்திக்கு நிற்கமாட்டாள். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற இத்தனை வெள்ளைச் சட்டைக்கும் ஒரு அம்மாவோ அப்பனோ அவள் கையால் குளித்துத்தான் போயிருக்கிறார்கள். சிலுவைமிக்கேலின் மூத்த மகன் வலையோடு கரையொதுங்கினபோது, பெற்ற தாயே கிட்டே போக அஞ்சிய உடம்பை அவள்தான் மடியில் போட்டுக் கழுவினாள். பெலிசித்தாவையும்தான். கடைசி மாதத்தில் படுக்கைப்புண் வந்து பெலிசித்தாவின் முதுகு போய்விட்டது, தன் கையால் தொட எஸ்தாக்கி தயங்குவார், வலிக்குமோ வலிக்குமோ என்று. செத்தபிறகும் மதலேனம்மாள் அந்த முதுகை அப்படித்தான் கழுவினாள், வலிக்குமோ என்று பார்த்துப் பார்த்து. "ஆச்சும்மா, ஆச்சு, இன்னும் கொஞ்சந்தான்" என்று பிணத்துக்குச் சொல்லிக்கொண்டே கழுவினாள். கதவிடுக்கில் நின்று அதைக் கேட்டபோதுதான் எஸ்தாக்கிக்கு அழுகை வந்தது. அதுவரைக்கும் கட்டையாக நின்றவர் அப்போது வாய்விட்டு அழுதார்.

கொம்மூனிஸ், சமூகம் என்பதற்கான லத்தீன் சொல்லுக்கு வேர் அதுதான். குருமடத்துப் பையன்கள் வருஷாவருஷம் அதில்தான் விழுவார்கள். கொம் என்றால் சேர்ந்து, ஊனுஸ் என்றால் ஒன்று, சேர்ந்து ஒன்றாக இருப்பதால் சமூகம், சரிதானே சார் என்பார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கும், பிரசங்கத்துக்கும் வசதி. தப்பு தம்பி, ஊனுஸ் இல்லை, மூனுஸ் என்பார் இவர். மூனுஸ் என்றால் ஆளுக்கொரு கடமை, செய்தே தீரவேண்டிய வேலை, அதைப் பகிர்ந்துகொண்டவர்கள்தான் சமூகம். ஒரே ரத்தமாக இருக்க வேண்டாம், ஒரே நிறமாக இருக்க வேண்டாம், சுமையில் ஒரு முனையைப் பிடித்தால் போதும். பையன்கள் ஜன்னல் வழியாகப் பந்து விளையாடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டே, "இது பரீட்சைக்கு வருமா சார்" என்பார்கள். வராது என்பார். வராமலே போயிற்று. பணி ஓய்வு வரை வகுப்பில் சொன்னது, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வெளியே பரீட்சைக்கு வந்தால், இதோ இவர் பாய்க்கோரையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார். சொல்லவேண்டியதை மனசுக்குள் கோத்துப் பார்த்தார். 'பெரியவங்களே, இந்த அம்மா நம்ம ஊருக்குச் செஞ்ச சேவையை...' சேவை என்ற வார்த்தை அரசியல் மேடை மாதிரி இருக்கிறது, எடு. 'அவங்க செய்யாத வேலை...' அழுதுவிடுவேன், எடு. 'சிலுவை, உன் மகனை யாருடே கழுவினது?' ஐயோ, அது வேண்டாம், அது கத்தி. அந்த மனுஷன் அதை நினைக்காமலா இருப்பார்? நினைத்துக்கொண்டுதான் நிற்கிறார். ஒருவருக்கு இளகினால் நாளைக்கு ஐஸ் கம்பெனித் தெரு முழுக்க வந்து நிற்கும் என்று பயப்படுகிறார். அவருக்கு அவர் பயம், எனக்கு என் பயம், நடுவில் ஒரு கிழவி ஐஸ்பெட்டியில் கிடக்கிறாள்.

சிலுவைமிக்கேல் தொண்டையைச் செருமினார். பக்கத்தில் யாரோ செம்பில் தண்ணீர் நீட்டினார்கள், வாங்கிக் குடித்தார். அந்தத் தண்ணீர் இறங்குகிற நேரம்தான் மிச்சம். சிவிஸ், என்றது எஸ்தாக்கியின் புத்தி. விடேன், இந்த நேரத்திலா? விடவில்லை. சிவிஸ் என்றால் குடிமகன், ஊர்க்காரன். அதற்கு வேர் தேடிப் போனவர்கள் எங்கெங்கோ போய்க் கடைசியில் படுப்பது என்ற இடத்தில் நிற்பார்கள். எங்கே படுக்கிறாயோ அது உன் ஊர், கூடப் படுக்கிறவன் உன் ஆள். கல்லறைத் தோட்டத்துக்கு லத்தீனில் சொல்கிற பேரும் கிரேக்கம் வழியாக அதே வேரிலிருந்து வந்ததுதான் என்று சொல்வார்கள். ஊர்க்காரனும் கல்லறையும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். வாசிக்கிறபோது நன்றாகத்தான் இருந்தது, பக்க ஓரத்தில் பென்சிலால் கோடுகூடப் போட்டார். ஆனால் இப்போது அந்தக் கோட்டால் என்ன பிரயோஜனம்? ஊர் மண்ணில் யார் படுப்பது என்று சொல்ல இவருக்கு வாய் இல்லை. ஊர் மண்ணைப் பற்றித்தானே வாய் இல்லை. தான் கட்டிய கல்லறையின் மூடிக்கல்லுக்குக் கீழே இருப்பது ஊர் மண் இல்லையே, ஊர் கொடுத்து முடித்த மண். கப்பல்காரர் வீட்டில் தங்கள் குடும்பக் கல்லறைக்குள்ளே பிள்ளை வளர்த்த ஆயாவை வைத்தார்களே, அவள் எந்த ஊர்? அன்றைக்கு யாரும் மூன்று முறை கேட்கவில்லை. வீட்டுக் கல்லறை, வீட்டுக்காரர் இஷ்டம் என்று சிலுவைமிக்கேலின் அப்பாவே சொன்னார். வேண்டாம், இந்த வழியாகப் போகாதே, இந்த வழி எங்கே போகும் என்று உனக்கே தெரியும். அது என் இடம். எனக்கு மிச்சமிருப்பது அது ஒன்றுதான். வேறு எது வேண்டுமானாலும் கேட்கட்டும், கொடுக்கிறேன், அது மட்டும் வேண்டாம்.

"மூணாந் தடவை..." என்று ஆரம்பித்த சிலுவைமிக்கேல் நிறுத்தினார். பின்வரிசையில் லத்தீன் மாப்பிள்ளை எழுந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். எப்போது எழுந்தார் என்று அவருக்கே தெரியாது.

"என்ன மாப்ளே, உடம்புக்கு முடியலையா?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்லை. ஒண்ணு கேக்கணும்."

முன்வரிசை முழுக்கத் திரும்பியது. கஸ்பார் கண்ணாலேயே உட்காரச் சொன்னான்.

"வழக்கத்தை மாத்தச் சொல்லப்போறீங்கன்னா வேண்டாம் மாப்ளே," என்றார் சிலுவைமிக்கேல், குரலை இறக்கி. "என் நெலமையும் பாருங்க."

"நான் மாத்தச் சொல்லலை. கட்டின கல்லறையில யாரை வைக்கிறதுன்னு அந்த வீட்டுக்காரங்க சொன்னாப் போதும்லா? கப்பல்காரர் வீட்டுல அப்படித்தானே?"

"அதுல என்ன சந்தேகம்? அது அவங்கவங்க வீட்டு விஷயம்."

"அப்படின்னா பெலிசித்தா பக்கத்துல ஒரு எடம் காலியாக் கிடக்கு. மதலேனம்மாளை அதுல வைங்க."

கொடிமரத்தருகில் யாகப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். கஸ்பார்தான் முதலில் எழுந்தான், முகமெல்லாம் சிவந்து. "அத்தான், ஒங்களுக்குப் பைத்தியமா? எத்தனை பேர் காலைப் பிடிச்சு வாங்கின எடம் அது! அதைத் தூக்கிக் குடுத்துட்டா, நாளைக்கு ஒங்களை எங்க கொண்டு வைக்கிறது?"

"வெளியில எடம் இருக்குல்லா," என்றார் எஸ்தாக்கி. "வழக்கப்படி."

குத்திக்காட்ட வேண்டும் என்று அவர் சொல்லவில்லை, இருக்கிற விவரத்தைச் சொன்னார். ஆனால் சிலுவைமிக்கேல் வாயில் அறை வாங்கினவராகத் தலையைக் குனிந்துகொண்டார். மூன்றாவது கேள்வியை அவர் கேட்டு முடிக்கவே இல்லை. குழிவெட்டுகிற தாவீதைக் கூப்பிட்டு, "கடப்பாரை எடுத்துட்டுப் போய் மாப்ளை வீட்டுக் கல்லறையைத் திற" என்று மட்டும் சொல்லிவிட்டு, யாருக்கும் முகம் காட்டாமல் கெபிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். கூட்டம் எழுந்தது. எஸ்தாக்கியின் தோளை ஒருவர் தொட்டார், ஒருவர் தொடாமல் போனார். பெரிய காரியம் செய்துவிட்டோம் என்று அவருக்குத் தோன்றவில்லை. பறிகொடுத்த ஆத்திரம்தான் வந்தது, யார் மேல் என்று தெரியாத ஆத்திரம். கஸ்பார் கிட்டே வந்து, "அக்காகிட்ட என்னால சொல்ல முடியாது, நீங்களே போய்ச் சொல்லுங்க" என்றான்.

சொல்லத்தான் போனார். வெயில் ஏறிவிட்டது, கல்லறைத் தோட்டத்து மணல் செருப்பைத் தாண்டிச் சுட்டது. தாவீது வலதுபக்கத்து மூடிக்கல்லின் விளிம்பில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பிக்கொண்டிருந்தான். கல் விலகியபோது உள்ளே இருந்து ஈரச் சிமெண்ட் வாசனை வந்தது. அறை சுத்தமாக, காலியாக இருந்தது. எவ்வளவு நல்ல இடம், யாகப்பன் எவ்வளவு பாந்தமாகப் பூசியிருக்கிறான் என்று நினைத்தார். கால் ஓய்ந்துபோய் இடதுபக்கத்துக் கல்மேல் உட்கார்ந்தார், அந்தப் பக்கம் அவர் உட்காருவது அதுதான் முதல்முறை. தாவீது இருப்பதையும் பொருட்படுத்தாமல் கல்லில் உள்ளங்கையை வைத்து, வீட்டில் பேசுகிற குரலிலேயே சொன்னார்: "ஏ பிள்ளே, கொஞ்சம் தள்ளிப் படு. ஆள் வருது. நானில்லை."